வீட்டு வண்டியும் காட்டு வழியும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 ஆம் ஆண்டு தொடக்கம் 1945 ஆம் ஆண்டு வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறிய போர்வண்டிகள் வெளிவந்தன. கூரையும் கதவுமின்றி, நான்கு சில்லுகளாலும் உந்திச் செல்லும் ஆற்றலுடன் அமைந்த அவ்வண்டிக்கு ‘ஜீப்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1944 ஆம் ஆண்டில் நேசப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு அருகே பேராதனையில் அமைந்தது. படைகள் திரும்பிச் சென்றன. ஜீப் என்னும் சொல்லோ இலங்கையில் தங்கிவிட்டது. உயரமாகவும் நாற்சில்லு இயக்கமுடையதாகவும் உள்ள எந்த வண்டியையும், அதனை ஆக்கியவர் யாராயினும், ஜீப் என்றே இங்கு மக்கள் அழைக்கின்றனர்.

எனினும், அந்தப் போர்வண்டிக்கும் இன்று குடும்பங்கள் வைத்திருக்கும் உயரமான வண்டிக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னது கரடுமுரடான நிலத்துக்கென்றே பிறந்தது. பின்னது வீதியிற் பிறந்து, வேண்டும்போது வீதியை விட்டு இறங்கவும் கூடியது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், கடைத்தெருவுக்குப் போய் வருவதும், விடுமுறையிற் குடும்பத்துடன் நெடுந்தூரம் செல்வதுமே அதன் நாளாந்தப் பணி. இத்தகைய வண்டியொன்றைப் பழையதாக வாங்கி, அதனை மலைப்பாறையிலும் மணலிலும் சேற்றிலும் ஓடத்தக்கதாக மாற்றியமைக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரவியுள்ளது. இதைச் செய்வோர் பலர் முதலிற் செய்யவேண்டியதைக் கடைசியிலும், கடைசியிற் செய்யவேண்டியதை முதலிலும் செய்து பணத்தை இழக்கின்றனர்; சிலர் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர். ஆதலால் இவ்விடயத்தை ஒழுங்காக ஆராய்வது பயனுடையது.

எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பிட்ட வண்டியைக் கொள்வது நலம். ‘ஜீப் செரோக்கி’ என்பது அமெரிக்கன் மோட்டோர்ஸ் கம்பனியால் 1984 ஆம் ஆண்டு வகையாக வெளியிடப்பட்டது. அக்கம்பனியை 1987 இல் கிறைஸ்லர் நிறுவனம் வாங்கியது. ஓகையோ மாநிலத்து ரொலீடோ நகரில் 2001 ஆம் ஆண்டு வரை அவ்வண்டி ஆக்கப்பட்டது. மொத்தத்தில் இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1987 தொடக்கம் அதில் வைக்கப்பட்ட ஆறு சிலிண்டர் கொண்ட 4 லீற்றர் பெற்றோல் எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்றது. முன்னும் பின்னும் முழு அச்சுகள். முன்னே சுருள்வில், பின்னே தகட்டுவில். தன்னியக்கக் கியர்ப்பெட்டியும் உறுதியானது. உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைத்தன. விலையும் நெடுங்காலம் மலிவாயிருந்தது. எனவே, மிகுதியாக மாற்றியமைக்கப்பட்ட குடும்ப வண்டிகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

இவ்வண்டியின் அமைப்பில் முதலில் அறியவேண்டியது ஒன்று உண்டு. லொறிகளிலும் பழைய ஜீப்புகளிலும் இரு தடித்த இரும்புத் தண்டவாளங்கள் ஏணிபோலப் பிணைந்து அடிச்சட்டமாகக் கிடக்கும். உடல் அதன்மேல் வைத்து முடுக்கப்பட்டிருக்கும். செரோக்கியில் அவ்வாறான தனிச்சட்டம் இல்லை. தகட்டை மடித்து ஆக்கிய தண்டுகள் உடலோடு ஒட்டவைக்கப்பட்டு, உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. இதனால் வண்டியின் பாரம் குறைந்தது. வீதியில் ஓட்டமும் இனிதாயிற்று. ஆனால், கதவுக்குக் கீழுள்ள அடிவிளிம்பு பாறையில் மோதி நசுங்கினால் நசுங்குவது வெறும் அலங்காரத் தகடன்று. வண்டியின் முதுகெலும்பில் ஒரு பகுதியே நசுங்குகின்றது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்தினால், பின்னர் வரும் பலவற்றின் காரணம் தானே விளங்கும்.

மாற்றியமைக்கும் வேலைக்கு முந்தியது சோதனை வேலை. மிகப் பிந்திய செரோக்கியும் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. வண்டியின் அடியிற் படுத்து, உடற்தண்டுகளையும் தளத்தகட்டையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்க்கவேண்டும். துருவேறிய இடம் மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் தகடு உள்வாங்கும். அத்தகைய வண்டிக்கு உயர்ந்த வில்லும் பெரிய ரயரும் பூட்டுவது, கரையான் தின்ற தூணின்மேல் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும். ஸ்ரியறிங் பெட்டி உடற்தண்டோடு பொருந்தும் இடத்தில் வெடிப்பு உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். பெரிய ரயர் பூட்டிய செரோக்கிகளில் அவ்விடத்தில் வெடிப்பு ஏற்படுவது அறியப்பட்ட குறை. 2000, 2001 ஆம் ஆண்டு வண்டிகள் சிலவற்றில், ‘0331’ என்னும் இலக்கம் வார்க்கப்பட்ட எஞ்சின் தலைப்பகுதி நடுவே வெடித்து, குளிர்த்தும் நீரை எண்ணெயோடு கலக்கவிடுவதும் உண்டு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது பால்போன்ற படிவு காணப்பட்டால், அவ்வண்டியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

குளிர்த்தும் ஒழுங்கையும் கவனிக்கவேண்டும். வீதியில் விரைந்து ஓடும்போது காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கின்றது. மலைவழியில் நடைவேகத்தில் ஊரும்போது அக்காற்று இல்லை. எஞ்சினோ கடுமையாக உழைக்கின்றது. வீதியில் மறைந்திருந்த குறை அங்கே ஆவியாக எழும். ஆகவே அடைபட்ட றேடியேற்றர், தேய்ந்த நீர்ப்பம்பி, இளகிய இறப்பர்க் குழாய்கள் ஆகியவற்றை மாற்றுவதே மெய்யான முதல் மாற்றம். கண்ணைக் கவராத இவ்வேலையில் அனுபவசாலிகள் முதலிற் பணத்தைச் செலவிடுகின்றனர்.

இதற்கு அடுத்தது ரயர். ஒரு வண்டி நிலத்தைத் தொடும் இடங்கள் நான்கே. ஒவ்வொன்றும் உள்ளங்கை இரண்டு அளவினது. எஞ்சினின் வலிமையும் பிறேக்கின் வலிமையும் அந்த நான்கு இடங்களின் ஊடாகவே நிலத்தைச் சேரும். வீதிக்கென ஆக்கிய ரயரின் பக்கச் சுவர் மெல்லியது. கூரிய கல்லொன்று அதை எளிதிற் கிழித்துவிடும். ஆழமான வெட்டுக்களும் தடித்த பக்கச் சுவரும் கொண்ட ‘எல்லா நிலத்து’ ரயர் எனப்படும் வகை, பாறைக்கும் வீதிக்கும் நடுவான தெரிவாகும். சேற்றுக்கென ஆக்கிய ரயர் சேற்றிற் சிறந்ததாயினும், மழையில் நனைந்த வீதியிற் பிடிப்புக் குறைந்தது, இரைச்சலும் மிக்கது. வாரத்தில் ஐந்து நாள் வீதியில் ஓடும் குடும்ப வண்டிக்கு அது ஏற்றதன்று.

ரயரின் அளவைப் பற்றிப் பேசுமுன் அதன் காற்றைப் பற்றிப் பேசவேண்டும்; ஏனெனில், காசு செலவின்றிக் கிடைக்கும் மிகச் சிறந்த மாற்றம் அதுவே. வீதியில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 33 இறாத்தல் அழுத்தம் வைக்கப்பட்ட ரயரை, பாறையிலோ மணலிலோ இறங்குமுன் 18 அல்லது 20 இறாத்தலுக்குக் குறைத்தால், ரயர் தளர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு நீளும். பாரம் அகன்ற பரப்பிற் பரவுவதால் மணலிற் புதையாது. பாறையின் மேடுபள்ளங்களை ரயர் கவ்விப் பிடிக்கும். உள்ளே இருப்போருக்குக் குலுக்கமும் குறையும். புதைந்து நின்ற வண்டிகள் பல, வேறெதுவும் செய்யாமல் காற்றைக் குறைத்த மாத்திரத்தில் வெளிவந்துள்ளன. ஆனால், மிகக் குறைத்தால் ரயர் வளையத்திலிருந்து கழன்றுவிடும். குறைந்த காற்றுடன் வீதியில் விரைந்து ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கவுங் கூடும். ஆகவே அழுத்தமானியும் சிறிய காற்றுப்பம்பியும் வண்டியில் இருத்தல் இன்றியமையாதது. காற்றைக் குறைத்தவர், வீதியை அடைந்ததும் அதனை மீண்டும் நிரப்பக் கடமைப்பட்டவர்.

இனி ரயரின் அளவு. வீதியை விட்டு இறங்கும் தேவைக்கென விற்கப்பட்ட செரோக்கிகளில் இருந்த ரயரின் விட்டம் ஏறத்தாழ 28.3 அங்குலம். மாற்றியமைப்போர் பெரும்பாலும் 31 அங்குல ரயரை நாடுகின்றனர். விட்டம் 2.7 அங்குலம் கூடினால், அச்சு உயர்வது அதன் பாதியாகிய 1.35 அங்குலமே. இது சிறிதெனத் தோன்றலாம். எனினும், முழு அச்சுடைய வண்டியில் நிலத்துக்கு மிக நெருங்கிய பகுதி அச்சின் நடுவே பருத்து நிற்கும் டிபரன்சியல் உருண்டையே. அதனை உயர்த்தும் வழி ரயர் ஒன்றுதான். வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது உடலேயன்றி அச்சன்று. இவ்வேறுபாட்டை அறியாதவர்களே உயர்ந்த வில்லுக்குப் பெரும் பணத்தைக் கொடுத்து, பின்னர் முந்திய கல்லிலேயே முந்தியவாறே முட்டி நிற்கின்றனர்.

அங்ஙனமாயின் வில்லை உயர்த்துவதன் பயன் யாது? மூன்று பயன்கள் உண்டு. பெரிய ரயர் உடலில் உரையாமல் சுழல இடங் கிடைக்கின்றது. முன் பம்பரும் பின் பம்பரும் உயர்வதால் செங்குத்தான மேட்டை அணுகும்போதும் விட்டு இறங்கும்போதும் அவை நிலத்தில் உழாது. வண்டியின் நடு வயிறு உயர்வதால் மேட்டின் உச்சியில் அது தட்டி நிற்பதில்லை. செரோக்கியில் 3 அங்குல உயர்வும் 31 அங்குல ரயரும், சில்லுக்கூட்டின் விளிம்பைச் சற்று வெட்டித் திருத்துவதும் சேர்ந்தால், பெரும்பாலான மலைவழிகளுக்குப் போதுமானது. இதற்கு மேலே செல்லும் ஒவ்வோர் அங்குலமும், கொடுப்பதைவிட எடுப்பதே அதிகம்.

எடுப்பவை எவை என்பதையும் கூறவேண்டும். உடல் உயரும்போது கியர்ப்பகுதியும் உயர்கின்றது. பின் அச்சோ இருந்த இடத்திலேயே உள்ளது. ஆகவே இரண்டையும் இணைக்கும் இயக்குதண்டு முன்னிலும் சரிவாக நிற்கின்றது. அதன் மூட்டுகள் கூடிய கோணத்திற் சுழல, வண்டி அதிர்கின்றது; மூட்டுகள் விரைவில் தேய்கின்றன. இதைத் தீர்க்க, இயக்கப் பகிர்வுப் பெட்டியைச் சற்றுக் கீழிறக்குவர். அன்றி, பெட்டியின் பின்புறத் தண்டைக் குறுக்கி, நீண்டதும் இரட்டை மூட்டுடையதுமான புதிய இயக்குதண்டைப் பூட்டுவர். முதலாவது மலிவு, ஆயின் பெற்ற உயரத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கின்றது. இரண்டாவது செலவு மிக்கது, ஆனால் நிலையானது.

முன்புறத்தில் நிகழ்வது இன்னும் கவனத்துக்குரியது. முன் அச்சு இடமும் வலமும் அசையாதவாறு ஒரு குறுக்குத்தண்டு அதனை உடலோடு பிணைக்கின்றது. உடல் உயர்ந்தால் அத்தண்டு சரிந்து, அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். அச்சைத் தாங்கும் கைத்தண்டுகளின் கோணமும் மாறும். அதனால், வளைவிலிருந்து ஸ்ரியறிங் தானே நேருக்குத் திரும்பும் இயல்பு குன்றும். நீளத்தை மாற்றத்தக்க குறுக்குத்தண்டும், சரியான அளவுடைய கைத்தண்டுகளும், பின்னர் சில்லு நிலையை அளந்து திருத்துதலும் இன்றி வில்லை மட்டும் உயர்த்திவிட்டால், ‘சாவு நடுக்கம்’ என்று அமெரிக்கச் சாரதிகள் பெயரிட்ட நோய் வந்து சேரலாம். மணிக்கு 45 அல்லது 50 மைல் வேகத்தில் ஒரு சில்லு சிறு பள்ளத்தில் விழுந்ததும் முன் அச்சு முழுவதும் இடமும் வலமுமாகக் கடுமையாக உதறத் தொடங்கும்; வேகத்தைப் பெரிதுங் குறைக்கும் வரை அது நிற்பதில்லை. தேய்ந்த மூட்டும் தளர்ந்த குறுக்குத்தண்டுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஸ்ரியறிங் தணிப்பானை மாற்றி நடுக்கத்தை அடக்குவோர், நோயை விட்டு நோயின் குறியை மறைக்கின்றனர்.

சிறிய பொருளாயினும் உயிர்காக்கும் பொருள் ஒன்று உண்டு. அது பிறேக் எண்ணெய் செல்லும் இறப்பர்க் குழாய். உயர்த்திய வண்டியில் அச்சு முன்னிலும் ஆழமாகத் தொங்கக் கூடும். குழாய் பழைய நீளத்திலேயே இருந்தால், பள்ளத்தில் சில்லு தொங்கும்போது அது இழுபட்டு அறும். ஆகவே நீண்ட குழாய் பூட்டுதல் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயமானது. அவ்வாறே, அச்சு மேலெழும்போது ரயர் உடலை வெட்டாதபடி தடுக்கும் இறப்பர்க் கட்டைகளையும் உயர்வுக்கேற்ப நீட்டவேண்டும். பெரிய ரயரின் பாரத்தை நிறுத்துவதற்குப் பிறேக் முன்னிலும் கூடுதலாக உழைப்பதால், தேய்ந்த பிறேக் பகுதிகளுடன் இவ்வேலையைத் தொடங்குதல் கூடாது.

ரயர் பெருத்தால் கியரின் கணக்கும் மாறுகின்றது. தன்னியக்கக் கியர்ப்பெட்டியுடைய 4 லீற்றர் செரோக்கிகளில் அச்சின் பல்விகிதம் வழக்கமாக 3.55. அதாவது இயக்குதண்டு 3.55 முறை சுழல, சில்லு ஒரு முறை சுழலும். 31 அங்குல ரயருடன் முந்திய இழுவையைப் பெறுவதற்கு அவ்விகிதம் ஏறத்தாழ 3.89 ஆக இருத்தல் வேண்டும். ஆகவே 4.10 என்னும் விகிதமுடைய பல்லிணையைப் பூட்டுவோர் பலர். இதன் பயன் மலைவழியில் தெரியும். கியர்ப்பெட்டியின் முதற்கியர் 2.80, பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை 2.72, அச்சு 3.55. மூன்றையும் பெருக்கினால் 27 வரும், 4.10 உடன் பெருக்கினால் 31 வரும். இப்பெருக்கம் கூடக்கூட வண்டி மெதுவாகவும் அடக்கமாகவும் ஊரும். செங்குத்தான இறக்கத்தில் பிறேக்கை மிதித்து வழுக்காமல் எஞ்சினாலேயே தாங்கி இறங்கலாம். வேகமானியையும் திருத்தவேண்டும், இல்லையேல், அது 60 மைல் என்று காட்டும்போது வண்டி மெய்யாக 66 மைல் வேகத்தில் ஓடும்.

நாற்சில்லு இயக்கம் உண்டெனின் நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும் என்று பலர் எண்ணுவர். அது முற்றும் உண்மையன்று. வளைவில் வெளிச்சில்லு உட்சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுப்பதே டிபரன்சியலின் தொழில். அது இரு சில்லுக்கும் சமமான திருகுவலியையே பகிர்கின்றது. ஒரு சில்லு அந்தரத்தில் நின்றால், அதைச் சுழற்ற மிகச் சிறிய வலி போதும். மற்றச் சில்லுக்குக் கிடைப்பதும் அச்சிறிய வலியே. ஆகவே முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு சில்லுகள் தூக்கப்பட்டால், வண்டி அவற்றை வீணே சுழற்றிக்கொண்டு நிற்கும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, சில்லுகள் தூக்கப்படாமல் நிலத்தைத் தொடர்ந்து தொடுமாறு செய்வது. முன்புறச் சாய்வுத் தடுப்புத்தண்டின் இணைப்பைக் கழற்றிவிட்டால் அச்சு தாராளமாக ஆடி நிலத்தைத் தேடிச் செல்லும். வீதிக்குத் திரும்புமுன் அதை மீண்டும் பூட்டுதல் வேண்டும். மற்றது, டிபரன்சியலைப் பூட்டி இரு சில்லையும் ஒன்றாகச் சுழலச் செய்யும் பூட்டுப்பொறி. காற்றழுத்தத்தால் வேண்டும்போது மட்டும் பூட்டத்தக்க பொறி, குடும்ப வண்டிக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும் பொறியைவிட உகந்தது. ஏனெனில், பின்னது வழுக்கும் வீதியில் வண்டியின் போக்கைத் திடீரென மாற்றக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூட்டிய அச்சில், முழுத் திருகுவலியும் ஒரே அரைத்தண்டின்மீது விழலாம். செரோக்கிகள் பலவற்றில் ‘டேனா 35’ எனப்படும் பின் அச்சு உள்ளது. அது வீதிக்குப் போதுமானது. பெரிய ரயருக்கும் பூட்டுப்பொறிக்கும் போதாதது. அதில் அரைத்தண்டு முறிந்தால் சில்லும் தண்டுமாக வெளியே நழுவிவிடவுங் கூடும். வேறு செரோக்கிகளில் கிறைஸ்லரின் 8.25 அங்குல அச்சு உள்ளது; 1997 இலும் அதன் பின்னும் வந்தவை மேலும் தடித்த அரைத்தண்டுகளைக் கொண்டவை. ஆகவே வாங்கும்போதே வண்டியின் அடியிற் குனிந்து, பின் அச்சு எதுவென்று பார்த்து வாங்குபவர் பின்னர் ஒரு பெருஞ் செலவைத் தவிர்க்கின்றார்.

பாதுகாப்புக் கவசங்கள் அடுத்தவை. தனிச்சட்டம் இல்லாத வண்டிக்கு, கதவுக்குக் கீழே பூட்டும் தடித்த இரும்புத் தண்டுகள் முதன்மையானவை. அவை உடற்தண்டோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டு, முழு வண்டியின் பாரத்தையும் பாறையின்மேல் தாங்கவேண்டும். பகிர்வுப் பெட்டிக்கும் பெற்றோல் தாங்கிக்கும் அடியில் தடித்த தகடு பூட்டுதல் அடுத்தது. பெற்றோல் தாங்கி பின்புறத்தில், மேட்டை விட்டு இறங்கும்போது முதலில் நிலத்தைத் தொடும் இடத்தில் இருப்பதால் இத்தகடு வீண் செலவன்று.

எவ்வளவு ஆயத்தஞ் செய்தாலும் வண்டி ஒருநாள் சிக்கவே செய்யும். சிக்கிய வண்டியை இழுக்கும்போதே மிகக் கொடிய விபத்துகள் நேர்கின்றன. இழுவண்டி பூட்டுவதற்கெனப் பின்னே உள்ள உருண்டைக் கொளுவியில் இழுபட்டியை மாட்டி இழுத்தல் ஒருபோதும் ஆகாது. அது உருளும் பாரத்தை இழுப்பதற்கு ஆக்கப்பட்டதேயன்றி, புதைந்த பாரத்தைப் பிடுங்குவதற்கன்று. அது முறிந்தால், நீட்டிய இழுபட்டியின் முழு விசையோடும் பீரங்கிக் குண்டுபோலப் பறந்து வரும். இவ்வாறு உயிரிழந்தவர்கள் உளர். உடற்தண்டில் வலுவூட்டிப் பொருத்திய இழுகொளுக்கிகள் முன்னும் பின்னும் வேண்டும். வின்ச் பூட்டுவதாயின், பாரமேற்றிய வண்டியின் முழு எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கத்தக்கதைத் தெரிதல் மரபு. இழுபடும்போது பக்கத்தில் நிற்போரை, முதலிற் பிள்ளைகளை, அப்பட்டியின் நீளத்தைவிடத் தூரத்தில் நிறுத்துதல் வேண்டும்.

நீரைக் கடப்பதைப் பற்றியும் சில சொற்கள். எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் வண்டி ஆற்றைக் கடக்கும் என்பது அரை உண்மை. எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், நீர் காற்றைப்போல் அமுங்காததால் உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சின் அழியும். அதனைத் தடுக்க உயர்ந்த குழாய் உதவும். ஆனால், ஓட்டத்தாற் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுத்துளை வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயும் நீரும் கலந்த அச்சு சில மாதங்களிற் பழுதாகும். அம்மூச்சுத்துளைக்கு ஒரு சிறு இறப்பர்க் குழாயைப் பூட்டி உயரத்துக்குக் கொண்டுசெல்வது மிக மலிவான வேலை. அதனைச் செய்யாமல் விலையுயர்ந்த மூச்சுக்குழாயைப் பூட்டுவோரும் உளர். விரைந்து ஓடும் நீரில் எந்தக் குழாயும் காக்காது. நீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிச் சென்றுவிடும்.

இவை யாவற்றிலும் மேலாக எண்ணவேண்டியது வண்டி உருளும் ஆபத்து. அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2001 ஆம் ஆண்டு வகைகள் தொடக்கம் இதற்கு ஓர் எண்ணைக் கணித்து வெளியிட்டது. இரு பக்கச் சில்லுகளுக்கும் இடையிலுள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 க்கும் 1.5 க்கும் இடையிலும், உயர்ந்த குடும்ப வண்டிகளுக்கு 1.0 க்கும் 1.3 க்கும் இடையிலும் அமையும். அகலம் 58 அங்குலமும் மையத்தின் உயரம் 27 அங்குலமும் உடைய ஒரு வண்டியைக் கற்பனை செய்தால் எண் 1.07. வில்லாலும் ரயராலும் மையம் 3 அங்குலம் உயர்ந்தால் எண் 0.97 ஆகக் குறையும். இது வெறுங் கணக்கன்று. வீதியில் திடீரெனக் குறுக்கே வந்த ஒரு பிராணியைத் தவிர்க்கச் சாரதி ஸ்ரியறிங்கைச் சட்டென்று திருப்பும் அந்தக் கணத்தில், பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு இச்சிறு வேறுபாட்டைச் சார்ந்தே உள்ளது. கூரைமேல் பாரம் ஏற்றினால் எண் இன்னும் குறையும். கூடாரத்தையும் நீர்க்கலங்களையும் மேலே கட்டுவதை விடுத்து உள்ளே, தாழ்வாக, நகராதபடி கட்டுதலே முறை.

சட்டத்தையும் மறத்தலாகாது. பம்பரின் உயரத்துக்கும் வண்டியின் உயர்வுக்கும் அமெரிக்க மாநிலங்கள் வெவ்வேறு எல்லைகளை விதித்துள்ளன. புகையைக் கட்டுப்படுத்தும் பொறிகளை அகற்றுதல் அந்நாட்டில் மத்திய அரசின் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. 1995 தொடக்கம் செரோக்கியில் சாரதிக்குக் காற்றுப்பை வந்தது; பொருந்தாத முன் பம்பரைப் பூட்டினால், மோதும்போது அப்பை விரியும் வேளை மாறக்கூடும். எந்த நாட்டிலும், வெட்டி ஒட்டும் வேலை தொடங்குமுன் பதிவுத் திணைக்களத்தினதும் காப்புறுதிக்காரரினதும் விதிகளைக் கேட்டறிதல் செலவற்ற முற்காவலாகும்.

வண்டி ஓடும் நிலத்துக்கும் ஓர் உரிமை உண்டு. கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள ரூபிக்கன் வழியில் 1953 ஆம் ஆண்டு தொடக்கம் ஜீப் பயணங்கள் ஒழுங்காக நடைபெற்று வருகின்றன. யூட்டா மாநிலத்து மோவாப் நகரில் 1967 இல் உயிர்த்த ஞாயிற்றுக் கால ஜீப் பயணம் தொடங்கியது. மோவாப்பைச் சூழ்ந்த பாலை மண்ணின் மேலே கருமையான ஒரு பொருக்குக் காணப்படும். அது வெறும் மண்ணன்று. நுண்ணுயிர்களும் பாசிகளும் பின்னிய உயிருள்ள போர்வை. காற்றும் மழையும் மண்ணை அள்ளிச் செல்லாமல் அது காக்கின்றது. ஒரு சில்லின் சுவடு அதை ஒரு நொடியில் நொறுக்கும். அது மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். இதனாலேயே, குறித்த வழியை விட்டு விலகலாகாது என்னும் நெறியைப் பரப்ப 1985 இல் அமெரிக்க வனச் சேவை ‘மெல்ல மிதியுங்கள்’ என்னும் கருத்துடைய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. வழியைக் கெடுப்போர் தமக்குப் பின் வருவோரின் வழியை அடைத்துவிடுகின்றனர்; கெட்ட வழிகளை அதிகாரிகள் மூடியதும் உண்டு.

எனவே, பழைய குடும்ப வண்டியை மாற்றியமைக்க விரும்புவோர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு இதுவாகும். முதலில் வண்டியின் உடலும் குளிர்த்தும் ஒழுங்கும் பிறேக்கும் செம்மைப்படல் வேண்டும். அடுத்து நல்ல ரயர், அழுத்தமானி, காற்றுப்பம்பி. பின்பு உறுதியான இழுகொளுக்கிகள்; அதன்பின் அடிக்கவசங்கள். இவ்வளவோடு பல மாதங்கள் எளிய வழிகளில் ஓட்டிப் பழகவேண்டும். எங்கே வண்டி முட்டுகின்றது, எங்கே சில்லு வீணே சுழல்கின்றது என்பதை அவ்வழிகளே கற்பிக்கும். அதன் பின்னரே அளவான உயர்வும், கியர் விகித மாற்றமும், பூட்டுப்பொறியும் தேவைக்கேற்ப வரலாம். இவ்வொழுங்கில் செல்பவர், பூட்டிய ஒவ்வொரு பொருளும் ஏன் பூட்டப்பட்டது என்று சொல்லக்கூடியவராயிருப்பார்.

மலைவழியிலிருந்து திரும்பிய ஞாயிறு மாலையிலும் ஒரு வேலை எஞ்சியுள்ளது. ரயருக்குக் காற்று நிரப்புதல், கழற்றிய சாய்வுத் தடுப்புத்தண்டைப் பூட்டுதல், சில்லு நட்டுக்களையும் குறுக்குத்தண்டின் முடுக்காணிகளையும் மீண்டும் முடுக்குதல், பிறேக் குழாய்களைக் கைவிளக்கால் நோக்குதல், ரயரிற் சிக்கிய கற்களை எடுத்தல் என்பனவே அவை. இவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். திங்கட்கிழமை காலையில் அதே வண்டி பாடசாலை வாயிலில் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டியது. அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட விரும்பாதவர், வண்டியை மாற்றாமல் வைத்திருப்பதே குடும்பத்துக்கு நன்மை.